பீடித் தூளுக்குக் கையுறை போட்டால் போதுமா?

ஆலங்குளத்தான்:
பீடி சுற்றும் பெண்களுக்குக் கம்பெனியே கையுறையும் முகக்கவசமும் கொடுக்க வேண்டும் என்று இங்கே ஒரு தம்பி எழுதியிருந்தார். நல்ல மனசுதான். ஆனால் இலையை விரல் நுனியால் உருட்டி, தலையை நகத்தால் மடக்குகிற வேலை இது, கூலியும் 1000 பீடிக்கு இவ்வளவு என்றுதான், கையுறை மாட்டினால் பாதி கூட ஓடாது. எங்கள் ஆச்சி கடைசிவரை சுற்றினாள், ஒன்றும் ஆகவில்லை. புகையிலை விஷமெல்லாம் பீடி குடிக்கிறவனுக்குத்தான்.

முக்கூடல் மருந்துக்கடை:
கையுறை விஷயத்தில் அண்ணாச்சி சொல்வது சரி. கடைசி வரிதான் தப்பு. புகையில் இருக்கிற தாரும் கார்பன் மோனாக்சைடும் புகையிலை எரிந்தால்தான் வரும். புகையிலையிலேயே இருக்கிற நிகோட்டினுக்கு நெருப்பே வேண்டாம், தோல் வழியாகவே ஏறும், ஈரமோ வியர்வையோ கீறலோ இருந்தால் இன்னும் வேகமாக. நாம் இலையை நனைத்துத்தானே சுற்றுகிறோம்? புகைக்கவே செய்யாத பீடித் தொழிலாளர்களின் சிறுநீரில், நிகோட்டின் உடைந்து உண்டாகும் கோட்டினின் இருப்பதை நம் நாட்டு ஆய்வுகளிலேயே கண்டிருக்கிறார்கள். ஆச்சிக்கு உடம்பு பழகிப்போயிருக்கும். புதிதாக உட்காரும் பிள்ளைகளுக்குத் தலை கிறுகிறுக்கும், குமட்டும், கொஞ்ச நாளில் அது நின்றுவிடும். தூள் உள்ளே போவது நிற்காது.

ஆலங்குளத்தான்:
அப்போ என்னதான் செய்யச் சொல்லுகிறீர்? திண்ணையில் காற்றாட உட்கார் என்பீர். ஆனி ஆடிக் காற்றில் எங்கள் ஊர்த் திண்ணையில் தட்டை வைத்துப் பாரும், தூள் மொத்தமும் தெருவில் கிடக்கும். எடை போட்டுக் கொடுத்த தூள் அது, குறைந்தால் கூலியில் பிடிப்பான். அதற்குப் பயந்துதான் ஃபேனைக்கூட நிறுத்திவிட்டு உட்காருகிறார்கள். ரொம்பப் பயமுறுத்தினால் கம்பெனிக்காரன் பூட்டிவிட்டுப் போவான், அப்புறம் குழுக் கடனை யார் கட்டுவது?

பேட்டை அக்கா:
இரண்டு பேரும் ஒரு கட்டுகூடச் சுற்றியதில்லை என்று நன்றாகத் தெரிகிறது! இருமலைக் கிளப்புவது மாவு மாதிரி இருக்கிற பொடிதான். அதைக் கம்பெனியிலேயே சலித்துவிட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள். என் கவலை பிள்ளைகள்தான். தொட்டில் கிடக்கிற அறையிலேயே தூள் மூட்டை, அதே கையால்தான் சோறும் ஊட்டுகிறோம்.

முக்கூடல் மருந்துக்கடை:
அக்கா கம்பெனியிலிருந்து தொடங்கினது சரி, வேலையிடத்து ஆபத்துகளைப் பற்றிய தொழில் சுகாதாரப் படிப்பிலும் அந்த வரிசைதான். ஆபத்தை முதலில் மூலத்திலேயே குறைக்க வேண்டும், பிறகு காற்றோட்டம், பிறகு வேலை செய்கிற பழக்கத்தை மாற்றுவது. கையுறையும் முகக்கவசமும் எல்லாவற்றுக்கும் கடைசி. ஆனால் அந்த வரிசை எல்லாம் தொழிற்சாலையை மனதில் வைத்து எழுதியது, ஒரு முதலாளி இருப்பார், ஒரு கூரை இருக்கும். இங்கே கூரை நம்முடையது, லாபம் அவருடையது. சோதனைக்கு வருகிற அதிகாரி கம்பெனியின் கிட்டங்கியை, அதாவது சரக்குக் கிடங்கைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார், நம் அடுப்படிக்கு யார் வருவார்? அதுவரைக்கும் மூட்டையைப் படுக்கிற அறையில் வைக்காதீர்கள், கைப்புண்ணோடு சுற்றாதீர்கள், பிள்ளையைத் தூக்குமுன் சோப்புப் போட்டுக் கழுவி, சேலையையும் மாற்றுங்கள்.

ஆலங்குளத்தான்:
சலித்தெடுத்த பொடியின் எடையைத் தூள் கணக்கில் கழிக்கச் சொல்லி, சோப்புக் காசையும் 1000 பீடிக் கூலியோடு சேர்த்துக் கேளுங்கள். அப்படி மனு எழுதினால் அதில் நானும் கையெழுத்துப் போடுகிறேன்.