முதல் கார்: 2019 டீசல் செடானா, புது பெட்ரோல் ஹேட்ச்பேக்கா?

முதல்கார்
எல்லோருக்கும் வணக்கம். வீடு வேளச்சேரி, ஆபீஸ் சோழிங்கநல்லூர். போக வர தினம் 28 கி.மீ. இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை அம்மாவைப் பார்க்கத் திருவண்ணாமலை போவேன். மொத்தமாகப் பார்த்தால் வருடத்துக்கு 10,000 கி.மீ. ஓடும்.

தெரிந்தவர் மூலமாக ஒரு கார் வந்திருக்கிறது. 1.3 லிட்டர் டீசல் செடான், 2019 பிப்ரவரி தயாரிப்பு, ஒரே ஓனர், மடிப்பாக்கம், 78,000 கி.மீ. கேட்கும் விலை 5.4 லட்சம். இல்லையென்றால் கொஞ்சம் லோன் போட்டு 7 லட்சத்துக்குள் புது பெட்ரோல் ஹேட்ச்பேக் எடுக்கலாம். வீட்டில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதை எடுப்பது?

பழைய டீசல்
செடானை எடுங்கள் தம்பி. இந்த எஞ்சின் பல கம்பெனி கார்களில் வருடக்கணக்காக ஓடியது. இதைப் பிரித்துப் பார்க்காத மெக்கானிக் தமிழ்நாட்டில் இல்லை. மாற்றிக்கொண்டே இருக்க டைமிங் பெல்ட் கிடையாது, செயின்தான். பார்ட்ஸ் ஜி.பி. ரோட்டில் கிடைக்கும், புதுப்பேட்டையிலும் கிடைக்கும். 2020 ஏப்ரலுக்கு முந்தைய பிஎஸ்4 (பழைய புகை விதி) வண்டி என்பதால், டிபிஎஃப் என்ற புகைக்கரி ஃபில்டர் அடைத்துக்கொண்டது என்று ஹைவேயில் சும்மா ஓட்டிக்கொண்டிருக்கும் வேலையும் இல்லை. மேல்மருவத்தூர் தாண்டியதும் அந்த இழுவையைப் பாருங்கள், அப்புறம் பெட்ரோல் பக்கமே போக மாட்டீர்கள்.

கணக்குப்பிள்ளை
இழுவை இருக்கட்டும், வருடத்துக்கு 10,000 கி.மீ.க்கு டீசல் எதற்கு? சென்னையில் பெட்ரோல் 101, டீசல் 92.5 என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் டிராஃபிக்கில் பெட்ரோல் கார் லிட்டருக்கு 16 கி.மீ., டீசல் 20 கொடுக்கும் என்றால் பெட்ரோலுக்கு 63,000 ரூபாய், டீசலுக்கு 46,000. மிச்சம் 17,000. ஏழு வருட டீசல் வண்டியில் ஒரு இன்ஜெக்டரோ டர்போவோ கிளட்ச் செட்டோ போனால் இந்த மிச்சம் போய்விடும். முன்பெல்லாம் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்கு 20, 30 ரூபாய் வித்தியாசம் இருந்தது, அப்போது உங்கள் பேச்சு சரி. இந்தக் கணக்கில் எட்டரை ரூபாய்தான்.

இன்னொன்று, 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். அதற்கு முன் 28, அதன் மேல் செஸ். புது காரின் விலை இறங்கியிருக்கிறது. பழைய கார் விற்பவர் இன்னும் பழைய ஞாபகத்தில் விலை சொல்கிறார். 5.4 அதிகம்.

பழைய டீசல்
எரிபொருளை மட்டும் வைத்து ஏன் கணக்குப் போடுகிறீர்கள் சார்? புது கார் ஷோரூம் விலை 6 லட்சம் என்றால் தமிழ்நாட்டு ஆயுள் வரியே 13 சதவீதம், 78,000. ரிஜிஸ்ட்ரேஷன், மூன்று வருட தேர்ட் பார்ட்டி இன்ஷூரன்ஸ், லோன் வட்டி எல்லாம் அதற்கு மேல். நாளைக்கே விற்றாலும் இதில் ஒரு ரூபாய் திரும்பி வராது. பழைய காரில் அந்த வரியை முதல் ஓனர் கட்டிவிட்டார். இன்ஷூரன்ஸ்காரர்களின் சொந்த அட்டவணைப்படியே ஒரு வருடம் தாண்டிய காரின் மதிப்பில் 20 சதவீதம் கழியும், ஐந்தாவது வருடத்தில் 50. அந்தத் தேய்மானம் முழுக்க இன்னொருவர் தலையில் போன பிறகு வாங்குகிறோம். முதல் கார், எப்படியும் நாலு இடத்தில் உரசும். அது பழைய காராக இருந்தால் மனசும் அவ்வளவு வலிக்காது.

கிண்டி ஒர்க்ஷாப்
இருவரும் விலையிலேயே நிற்கிறீர்கள். 2019 கார், ஓனர் மடிப்பாக்கம் என்கிறார் தம்பி. என் முதல் கேள்வி: 2023 டிசம்பர் 4ஆம் தேதி அந்த கார் எங்கே நின்றது? மிக்ஜாம் புயலில் வேளச்சேரி, மடிப்பாக்கம், பள்ளிக்கரணை, முடிச்சூர் எல்லாம் தண்ணீர். அப்போது மூழ்கிய கார்கள் எல்லாமே பழைய இரும்புக்குப் போகவில்லை. கழுவி, காயவைத்து, புது சீட் கவர் போட்டு ஓடிக்கொண்டிருக்கின்றன. எஞ்சினைச் சரிசெய்துவிடலாம், ஒயரிங்கை முடியாது. ஒரு வருடம் கழித்து ஏ.பி.எஸ். லைட் எரியும், அப்புறம் பவர் விண்டோ, அப்புறம் ஏர்பேக் லைட். ஒவ்வொன்றாகப் பணம் பிடுங்கும்.

பார்க்கும் முறையைச் சொல்கிறேன். நான்கு சீட் பெல்ட்டையும் கடைசி வரை வெளியே இழுங்கள். வெளியே தெரியும் பகுதியைக் கழுவுவார்கள், உள்ளே சுருண்டிருக்கும் கடைசி அடியை யாரும் கழுவுவதில்லை. சேற்றுக் கறை அங்கே கோடாக நிற்கும். முன் சீட்டைப் பின்னால் தள்ளி ரெயிலையும் போல்ட்டையும் டார்ச் அடித்துப் பாருங்கள். மேலே பளபளப்பு, ரெயிலில் செம்மண் நிறத் துரு என்றால் கேள்வி கேட்க வேண்டும். ஸ்டெப்னியைத் தூக்கி அந்தக் குழியைப் பாருங்கள். டேஷ்போர்டுக்கு அடியில் ஒயர் கனெக்டர்களில் பச்சை பூத்திருக்கிறதா பாருங்கள். ஏ.சி.யை ஆஃப் செய்து கண்ணாடிகளை மூடி பத்து நிமிடம் உள்ளே உட்காருங்கள், வாடை சொல்லிவிடும். வாசனை பாட்டில் நாலு தொங்கினால் அதுவும் சந்தேகம்தான். ஒரு அடையாளம் என்றால் ஏதோ காரணம் இருக்கலாம். இரண்டு, மூன்று சேர்ந்தால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

எஞ்சினுக்கு: ஓனரிடம் முதல் நாளே சொல்லுங்கள், நான் வரும்வரை ஸ்டார்ட் செய்யக் கூடாது என்று. போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் அன்றைக்குப் பார்க்காதீர்கள், வேறொரு காலையில் போங்கள். ராத்திரி முழுக்க நின்ற டீசல் முதல் ஸ்டார்ட்டில் எப்படி எழுந்திருக்கிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. நீலப் புகை வந்தால் எஞ்சின் ஆயில் எரிகிறது. ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் புகை குபுகுபு என்று வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. இரண்டில் எது இருந்தாலும் வேண்டாம்.

கணக்குப்பிள்ளை
இவ்வளவு பார்த்து, பயந்து பயந்து வாங்குவதற்குப் பதில் புது கார் எடுத்து நிம்மதியாகத் தூங்கலாமே அண்ணா?

கிண்டி ஒர்க்ஷாப்
புது காரும் டெலிவரிக்கு முன் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். யார்டில் மாசக்கணக்கில் நின்ற வண்டியும் வரும், கொண்டுவரும்போது உரசி டச்சப் செய்த வண்டியும் வரும். சேசிஸ் நம்பரைக் கேட்டு, தயாரித்த மாதத்தைப் பார்த்து, டயரில் உள்ள நாலு இலக்கத்தையும் பாருங்கள். 2319 என்றால் 2019ஆம் வருடத்தின் 23ஆவது வாரம். ரிஜிஸ்ட்ரேஷன் ஆன பிறகு குறை சொன்னால் யாரும் காதில் வாங்க மாட்டார்கள்.

பாலிசி மேசை
நான் மோட்டார் இன்ஷூரன்ஸில் வேலை பார்க்கிறேன். இதில் யாரும் தொடாத ஒன்று இருக்கிறது, வேளச்சேரி ஆளுக்கு அதுதான் முக்கியம்.

தண்ணீர் புகுந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து கனெக்டிங் ராட் வளைந்துவிட்டால் சாதாரண காம்ப்ரிஹென்சிவ் பாலிசியில் எஞ்சினுக்குப் பணம் கிடைப்பது கஷ்டம். வெள்ளத்தால் வந்த சேதம் இல்லை, நீங்கள் ஸ்டார்ட் செய்ததால் வந்தது என்று கம்பெனி சொல்லும். அதற்குத்தான் எஞ்சின் புரொடெக்ட் என்று தனியாக ஒரு ஆட்-ஆன். ஆனால் பல கம்பெனிகள் அதற்கும், தேய்மானம் கழிக்காமல் க்ளெய்ம் தரும் ஜீரோ டெப்ரிசியேஷனுக்கும் வயது வரம்பு வைத்திருக்கின்றன. 2019 வண்டிக்குக் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். அதனால் அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே அந்த வண்டி நம்பரை வைத்து நாலு கம்பெனியில் கொட்டேஷன் வாங்குங்கள். எஞ்சின் புரொடெக்ட் இல்லாமல் வேளச்சேரியில் கார் வைத்திருக்க நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

இரண்டாவது, ஓனரின் பழைய பாலிசிகளைக் கேளுங்கள். ஒரு க்ளெய்மும் இல்லாமல் ஐந்து வருடம் ஓட்டியிருந்தால் நோ க்ளெய்ம் போனஸ், அதாவது பிரீமியத்தில் தள்ளுபடி, 50 சதவீதம் இருக்கும். 2024 பாலிசியில் அது திடீரென்று பூஜ்யம் என்றால், முந்தைய வருடம் பெரிதாக ஏதோ நடந்திருக்கிறது. என்ன என்று கேளுங்கள்.

பழைய டீசல்
இதில் ஒரு ஓட்டை இருக்கிறது மேடம். அந்த போனஸ் காருக்கு உரியதல்ல, ஆளுக்கு உரியது. முந்தைய காரின் 50 சதவீதத்தை இந்த காருக்குக் கொண்டுவந்திருக்கலாம். மிக்ஜாமில் நனைந்த பலர் போனஸ் போய்விடுமே என்று க்ளெய்ம் போடாமல் கைக்காசில் செலவு செய்தார்கள். அதனால் போனஸ் 50 என்றால் சுத்தமான கார் என்று எடுத்துக்கொள்ள முடியாது. கம்பெனி சர்வீஸ் ஹிஸ்டரியை எடுத்துப் பார்ப்பதுதான் மேல்.

பாலிசி மேசை
சரிதான். பூஜ்யம் இருந்தால் விசாரியுங்கள் என்றுதான் சொன்னேன், 50 இருந்தால் நம்புங்கள் என்று சொல்லவில்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். சர்வீஸ் ஹிஸ்டரியில் 2023 டிசம்பருக்கும் 2024 மார்ச்சுக்கும் நடுவில் என்ன வேலை நடந்தது என்று முதலில் பாருங்கள். கி.மீ. கணக்கும் அதிலேயே தெரிந்துவிடும். 2022இல் 70,000 காட்டிய வண்டி இப்போது 78,000 காட்டினால் மீட்டரில் கை வைத்திருக்கிறார்கள், அல்லது நீண்ட நாள் ஓடாமல் நின்றிருக்கிறது. இரண்டும் நல்லதில்லை.

கணக்குப்பிள்ளை
பாதுகாப்பையும் பாருங்கள் தம்பி. டிரைவர் ஏர்பேக், சீட் பெல்ட் எச்சரிக்கை, ரிவர்ஸ் சென்சார் எல்லாம் இந்தியாவில் கட்டாயமானது 2019 ஜூலை 1 முதல். முன்னால் இரண்டு ஏர்பேக் என்பது அதற்கும் பிறகு வந்தது. உங்கள் செடான் பிப்ரவரி தயாரிப்பு. வேரியன்ட்டைப் பொறுத்து இருக்கும், இல்லாமலும் போகும், விற்பவர் வாய்மொழியை நம்பாதீர்கள். இப்போது வரும் சின்ன கார்கள் பலவற்றில் ஆறு ஏர்பேக் வருகிறது. அம்மாவை உட்காரவைத்து திண்டிவனம் ரோட்டில் ஓட்டப் போகிறீர்கள், எனக்கு இந்த ஒன்றே போதும்.

பழைய டீசல்
இதற்கு என்னிடம் எதிர்வாதம் இல்லை. டாப் வேரியன்ட் இல்லையென்றால் அந்த செடான் வேண்டாம் என்று நானும் சொல்வேன். ஆனால் தண்ணீர் விஷயத்தில் புது கார் எப்படி நல்லது என்று புரியவில்லை. தெருவில் முழங்கால் தண்ணீர் நின்றால் புதிது, பழையது இரண்டும் மூழ்கும். 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததும் ஜனங்கள் வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாக காரைக் கொண்டுபோய் நிறுத்தினார்களே, அதுதான் புத்தி.

கிண்டி ஒர்க்ஷாப்
இருவருக்கும் ஒரே பதில். தண்ணீரில் நின்ற காரின் சாவியைத் தொடாதீர்கள். புஷ் ஸ்டார்ட் என்றால் பட்டனைத் தொடாதீர்கள். முடிந்தால் பேட்டரி டெர்மினலைக் கழற்றிவிட்டு டோ செய்யுங்கள். ஸ்டார்ட் ஆகிறதா என்று சும்மா பார்த்தேன் என்று சொல்லிக்கொண்டு வந்தவர்களுக்குத்தான் லட்சத்தில் பில் வந்தது. ஸ்டார்ட் செய்யாமல் கொண்டுவந்த வண்டிகளில் நிறைய வண்டிகள் ஆயில், ஃபில்டர் மாற்றி, சுத்தம் செய்ததோடு திரும்பிப் போயின.

முதல்கார்
எல்லோருக்கும் நன்றி. செடான் நடு வேரியன்ட், இரண்டு ஏர்பேக் இருக்கிறது என்கிறார் ஓனர், நேரில் பார்க்கிறேன். இன்னொரு சந்தேகம், எதை எடுத்தாலும் கம்பெனி சர்வீஸா, வெளி மெக்கானிக்கா?

கணக்குப்பிள்ளை
புது கார் என்றால் வாரண்டி முடியும்வரை கம்பெனி சர்வீஸ், வேறு பேச்சே இல்லை. ஆனால் போகும்போது சர்வீஸ் அட்டவணையைக் கையில் கொண்டுபோங்கள். எங்கள் வீட்டு காருக்கு ஒரு சர்வீஸ் சென்டரில் த்ராட்டில் பாடி கிளீனிங், எஞ்சின் ஃப்ளஷ், ஏ.சி. சுத்திகரிப்பு என்று அட்டவணையில் இல்லாததையெல்லாம் சேர்த்து எஸ்டிமேட் நீட்டினார்கள். அட்டவணையைக் காட்டியதும் எஸ்டிமேட்டில் பாதி வரிகளை அடித்துவிட்டார்கள். புத்தகத்தில் உள்ளதை மட்டும் செய்யுங்கள் என்று ஜாப் கார்டிலேயே எழுதச் சொல்லுங்கள்.

கிண்டி ஒர்க்ஷாப்
நான் வெளி மெக்கானிக், ஆனாலும் அவர் சொல்வது சரி. நான் சேர்ப்பது ஒன்றுதான்: கி.மீ. ஆகவில்லை என்று ஆயில் மாற்றாமல் விடாதீர்கள். 10,000 கி.மீ. அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அப்போது மாற்ற வேண்டும். பிரேக் ஆயில் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை. அது காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும், நம் ஊர் கடல் காற்றில் கேட்கவே வேண்டாம். ஜவ்வாது மலைப் பக்கம் போய் இறங்கும்போது மிதித்தால் பிரேக் பஞ்சு மாதிரி அமுங்கினால் என்ன செய்வீர்கள்? டீசல் எடுத்தால், ஹைவேயில் ஓட்டி வந்து உடனே ஆஃப் செய்யாதீர்கள். ஒரு நிமிடம் ஐடிலில் விடுங்கள், டர்போ பேரிங் ஆறட்டும்.

பாலிசி மேசை
பேப்பர் விஷயம் விட்டுப்போகக் கூடாது. பழைய கார் என்றால் பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து. ஆர்.சி.யில் (பதிவுச் சான்றிதழ்) லோன் கொடுத்த பேங்க் பெயர் இருந்தால், பாக்கி இல்லை என்று பேங்க் தரும் என்.ஓ.சி.யும் லோன் குறிப்பை நீக்கும் படிவம் 35ம் கையில் வராமல் முழுப் பணம் கொடுக்காதீர்கள். எம்-பரிவாகன் ஆப்பில் அபராதம் பாக்கி இருக்கிறதா பாருங்கள். வாங்கி 14 நாளுக்குள் இன்ஷூரன்ஸைப் பெயர் மாற்ற விண்ணப்பியுங்கள். தாமதித்தால் தேர்ட் பார்ட்டி கவர் இருக்கும், உங்கள் வண்டிச் சேதத்துக்கு ஒன்றும் கிடைக்காது. புதுச்சேரி பதிவு வண்டி விலை குறைவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால், இங்கே கட்ட வேண்டிய வரியையும் சேர்த்துப் பாருங்கள்.

விற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் விபத்து நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. டெலிவரி நோட்டில் கையெழுத்து வாங்கிவிட்டேன் என்று சும்மா இருக்காதீர்கள்.

முதல்கார்
ஓனரிடம் பழைய பாலிசியும் சர்வீஸ் ஹிஸ்டரியும் கேட்டேன். ஹிஸ்டரி அனுப்பிவிட்டார், பாலிசி தேடித் தருகிறேன் என்கிறார். ஹிஸ்டரியில் 2023 நவம்பரில் ஒரு சர்வீஸ், அடுத்தது 2024 ஆகஸ்ட். நடுவில் ஒன்றும் இல்லை.

கிண்டி ஒர்க்ஷாப்
ஒன்றும் இல்லை என்றால் தண்ணீர் ஏறாமலும் இருந்திருக்கலாம், வெளியே எங்காவது வேலை பார்த்தும் இருக்கலாம். சீட் பெல்ட்டையும் ரெயிலையும் பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள். பாலிசி கைக்கு வரும்வரை டோக்கன் அட்வான்ஸ்கூடக் கொடுக்க வேண்டாம்.

பழைய டீசல்
கார் சுத்தம் என்று தெரிந்தால் 4.8க்கு மேல் போகாதீர்கள். டயர் மாற்ற வேண்டியிருந்தால் அதையும் கழித்துப் பேசுங்கள்.

கணக்குப்பிள்ளை
4.8க்கு வந்தாலும் எஞ்சின் புரொடெக்ட் கொட்டேஷன் கிடைக்கவில்லை என்றால் நான் புது காரின் பக்கம்தான். ஞாயிற்றுக்கிழமை பார்த்துவிட்டு சீட் பெல்ட் படத்தை இங்கே போடுங்கள் தம்பி.