காய்ச்சல் மருந்தின் அளவு: வீடுகளில் நான் கண்டவை

குழந்தையின் காய்ச்சலைப் பற்றிப் பேசும் தாய்மார்கள் பலரும், அது எத்தனை டிகிரி ஏறியது என்பதையே முதலில் குறிப்பிடுகிறீர்கள். கிராம சுகாதார செவிலியராகத் திருவாரூர் மாவட்டத்தில் பணியாற்றி ஓய்வு பெற்ற எனக்கு அந்த அச்சம் நன்கு தெரியும். இரவெல்லாம் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு விழித்திருந்தவர்களிடம் “பயப்படாதீர்கள்” என்று மட்டும் சொல்லிவிட்டு வர எனக்கு மனம் வந்ததில்லை. ஆனால் நான் போன வீடுகளில், காய்ச்சலைவிட அதற்குக் கொடுக்கப்பட்ட மருந்தின் அளவே என்னை அதிகம் கவலைப்பட வைத்தது.

ஒரு வீட்டில் எட்டுக் கிலோ எடையுள்ள பெண் குழந்தைக்கு உடம்பு அனலாகச் சுட்டது. அக்கா பிள்ளைக்கு வாங்கி மிச்சமிருந்த பாராசிட்டமால் புட்டியைத் திறந்து, வேறொரு மருந்தின் மூடியில் 5 மி.லி. ஊற்றி வைத்திருந்தார் தாய். அது சிரப் அல்ல, சொட்டு மருந்து. நம் கடைகளில் கிடைக்கும் சிரப்பில் 5 மி.லி.க்கு 120 அல்லது 250 மி.கி. இருக்கும், சொட்டு மருந்திலோ ஒரு மி.லி.யிலேயே பெரும்பாலும் 100 மி.கி. இருக்கும். ஒரு கிலோ எடைக்கு 15 மி.கி. என்று கணக்கிட்டால் அந்தக் குழந்தைக்கு ஒரு வேளைக்கு 120 மி.கி. போதும், மூடியில் இருந்ததோ 500 மி.கி. இந்த அளவு திரும்பத் திரும்ப உள்ளே போனால் கல்லீரல் கெட்டுவிடும். மூடியில் இருந்ததைக் கொட்டச் சொல்லி, புட்டியோடு வந்த சொட்டுக் குழாயைத் தேடி எடுத்து, 1.2 மி.லி. எதுவரை வரும் என்று அவர் கையாலேயே அளந்து பார்க்கச் செய்தேன். “சின்னப் பிள்ளைக்கான மருந்து என்பதால் லேசாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன் சிஸ்டர்” என்றார். அப்படி நினைப்பது இயல்புதான்; சின்னஞ்சிறு குழந்தைக்குச் சில துளிகளே போதும்படி அதைச் செறிவாகத் தயாரிக்கிறார்கள் என்பதை யாரும் அவருக்கு எடுத்துச் சொன்னதில்லை.

மருந்து கொடுத்து இரண்டு மணி நேரத்தில் மீண்டும் சுடுகிறது என்று அடுத்த வேளை மருந்தையும் கொடுத்துவிடும் வீடுகள் உண்டு. குறைந்தது நான்கு மணி நேரம், கூடுமானால் ஆறு மணி நேரம் இடைவெளி வேண்டும். சளிக்கென்று கடையில் வாங்கிய மருந்திலும் பாராசிட்டமால் கலந்திருக்கலாம் என்பதால் இரண்டு புட்டிகளின் சீட்டையும் படித்துப் பாருங்கள்.

ஜன்னி, அதாவது காய்ச்சலில் வரும் வலிப்பு, தாய்மார்களை இன்னும் அதிகமாகப் பதற வைக்கும். காய்ச்சலில் வலிப்பு வந்த ஒரு சிறுவனின் கையில் இரும்புச் சாவியைத் திணித்து, பற்களுக்கிடையே கரண்டியைச் செருக முயன்றுகொண்டிருந்தபோது நான் உள்ளே நுழைந்தேன். கரண்டியை வாங்கி வைத்துவிட்டு, பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வைத்துக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிறிது நேரத்தில் தானாகவே நின்றுவிட்டது. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து குழந்தைகளுக்கு இப்படி வரலாம். பார்க்கவே பதறும் என்றாலும், பெரும்பாலும் மூளைக்குக் கேடு வருவதில்லை. காய்ச்சல் மருந்தைத் தவறாமல் கொடுத்தாலும் இதைத் தடுத்துவிட முடியாது. ஆகவே வலிப்பு வந்துவிட்டதே என்று எந்தத் தாயும் தன்னை நொந்துகொள்ள வேண்டியதில்லை. முதல் முறை வந்தால் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.

மழைக்காலக் காய்ச்சலில் எனக்கு இன்னொரு கவலை உண்டு. டெங்குவில் காய்ச்சல் தணிகிற நாளில்தான் சில குழந்தைகளின் நிலை மோசமாகிறது. சூடு விட்டுவிட்டது என்று வீட்டார் நிம்மதியடைந்திருக்க, பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுவதும், ஓயாமல் வாந்தி எடுப்பதும், கைகால் சில்லிட்டுச் சோர்ந்து கிடப்பதும் தெரிந்தால் காத்திருக்கக் கூடாது. இரத்தக் கசிவை அதிகப்படுத்தக்கூடும் என்பதால், டெங்கு இல்லை என்று உறுதியாகும்வரை இபுப்ரோஃபென், மெஃபனமிக் அமிலம் ஆகிய காய்ச்சல், வலி மருந்துகளைத் தாமாக வாங்கிக் கொடுக்க வேண்டாம்.

தெர்மாமீட்டர் காட்டும் எண்ணை மட்டுமே வைத்து முடிவெடுக்க வேண்டியது பச்சிளம் குழந்தைகளுக்குத்தான். மூன்று மாதம் நிறையாத குழந்தைக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டுவிட்டால், அது சிரித்து விளையாடிக்கொண்டிருந்தாலும், விடியட்டும் என்று இராமல் அந்த நேரத்திலேயே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள்.