மறுமொழி: ‘கார்ப்பஸ்’ நன்கொடைக்கு ‘நிலைமுதல்’ பொருந்துமா?

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

அறக்கட்டளைக் கணக்குகளில் வரும் ‘கார்ப்பஸ்’ நன்கொடையை, அதாவது செலவழிக்காமல் முதலாகவே வைத்திருக்கும்படி தரப்படும் பணத்தை, தமிழில் ‘மூலதன நன்கொடை’ என்று எழுதலாம் என்னும் முன்மொழிவை என்னால் ஏற்க இயலவில்லை. சொல்லில் பிழையில்லை; ஆனால் கணக்கெழுதும் இடத்தில் அது தவறான பதிவுக்கு வழிவகுக்கும். ஆம்புலன்ஸ் வாங்குவதற்கென்று ஒருவர் பணம் கொடுத்தால், வாகனம் மூலதனச் செலவு என்பதால், பொருளாளர் அத்தொகையை இயல்பாகவே ‘மூலதன நன்கொடை’ என்ற தலைப்பில் எழுதிவிடுவார். அதுவோ செலவழிப்பதற்கென்றே வந்த பணம். கார்ப்பஸ் என்பது, ‘இத்தொகை அறக்கட்டளையின் முதலாக நிற்க வேண்டும்’ என்று கொடுத்தவரே குறிப்பிட்டுப் பணித்துத் தந்தது.

1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 11(1)(டி) பிரிவு, பதிவுபெற்ற அறக்கட்டளைக்கு அத்தகைய பணிப்புடன் வரும் நன்கொடைக்கு விலக்களித்தது. எஞ்சிய வருவாயில் 85 விழுக்காட்டை அறப்பணிகளுக்குச் செலவிட வேண்டும் என்பது பொதுவிதி. ஓர் அறக்கட்டளைக்கு ஓராண்டில் 10 லட்சம் ரூபாய் வந்து, அதில் 2 லட்சம் கார்ப்பஸ் என்றால், 8 லட்சத்துக்கு மட்டும் கணக்கிட்டு 6,80,000 ரூபாய் செலவு காட்டினால் போதும். அந்த 2 லட்சத்தைப் பொது நன்கொடையோடு சேர்த்து எழுதிவிட்டால் செலவிட வேண்டிய தொகை 8,50,000 ரூபாயாகும். ரசீதில் ஒரு வரி விடுபட்டதால் 1,70,000 ரூபாய் கூடுதலாகச் செலவு காட்ட வேண்டிய நிலை வரும். 2021ஆம் ஆண்டு நிதிச் சட்டத்துக்குப் பின், இப்பணத்தைச் சட்டம் அனுமதிக்கும் முதலீடுகளில் தனியே பேணவும் வேண்டும். அதிலிருந்து எடுத்துச் செலவிட்டால், அத்தொகையை மீண்டும் அதே முதலில் சேர்க்கும் வரை அது அறப்பணிச் செலவாகக் கொள்ளப்படாது. 2026 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் பிரிவு எண்கள் மாறினாலும் இக்கருத்து தொடர்கிறது.

ஆகவே நமக்கு வேண்டிய சொல், செலவழியாது நிற்பதை உணர்த்த வேண்டும். ‘வைப்பு நிதி’ என்றால் வங்கி வைப்பு நினைவுக்கு வரும். ‘தொகுப்பு நிதி’ என்பதில் பணம் சேர்ந்திருப்பது மட்டுமே தெரிகிறது; ஆண்டிறுதி உபரியையும் அவ்வாறு அழைக்கலாம். அறங்காவலர்கள் தாமே தீர்மானம் போட்டு உபரியை மாற்றி எழுதுவதால் அது கார்ப்பஸ் ஆகிவிடாது என்பதைச் சிறிய அமைப்புகளில் பலமுறை விளக்க வேண்டியிருக்கிறது. ‘கட்டளை’ எனக்கு மிகவும் பிடித்த சொல். ஆயினும் அன்னதானக் கட்டளை, அபிஷேகக் கட்டளை என்று ஒரு குறிப்பிட்ட பணியோடு அது ஒட்டிவிட்டது. கார்ப்பஸுக்கு அத்தகைய தனிப்பணி இருந்தாக வேண்டியதில்லை.

என் முன்மொழிவு ‘நிலைமுதல்’. வட்டியும் முதலும், முதலுக்கே மோசம் என்றெல்லாம் கடைத்தெருவிலும் வழங்கும் ‘முதல்’ இது. கோயில் கல்வெட்டுகளிலும் முதலாக வைத்த பொன்னையும் அதன் வட்டியான பொலிசையையும் பிரித்தே எழுதியிருக்கிறார்கள். அணையாது எரியும் நந்தாவிளக்குக்கு 90 அல்லது 96 ஆடுகளை விட்டு, அவற்றைச் சாகாத, மூப்படையாத ஆடுகள் என்னும் பொருளில் ‘சாவா மூவாப் பேராடு’ என்று குறித்தவர்களுக்கு, நெய் மட்டுமே செலவாக வேண்டும், மந்தை குறையக்கூடாது என்ற கணக்கு தெளிவாக இருந்தது. நிலைமுதலின் வட்டியும் அவ்வாறே: அது அவ்வாண்டின் பொது வருவாய், 85 விழுக்காட்டுக் கணக்கில் சேர்வது.

சேர்த்து எழுதுவது கட்டாயம். பிரித்தால் ‘நிலையிலிருந்து’ என்று பொருள்பட்டுவிடும். ரசீதில் நன்கொடையாளர் கையொப்பத்துக்கு மேலே, ‘இத்தொகையை அறக்கட்டளையின் நிலைமுதலாகவே கொள்ளுமாறு பணிக்கிறேன்’ என்று அச்சிடலாம். பெற்ற நன்கொடைகளை வருமான வரித் துறைக்குத் தெரிவிக்கும் படிவத்தில் (பழைய சட்டத்தில் 10பிடி) நன்கொடை வகையைக் குறிக்கும்போது ‘கார்ப்பஸ்’ என்றுதான் தெரிவு செய்தாக வேண்டும் என்பதால், சில காலம் ரசீதில் இரு சொற்களையும் அருகருகே இடுவதில் எனக்குத் தயக்கமில்லை.

‘நிலைமுதல் கொடை’, ‘நிலைமுதல் கணக்கு’ ஆகியவை இயல்பாக வருகின்றன. ‘நிலைமுதல் முதலீடு’ மட்டும் நாவில் இடறுகிறது. ‘நிலைமுதல் ஈடு’ என்றால் அடமானம் என்று கொள்வார்களோ என்று ஐயுறுகிறேன். இதற்கு மாற்று தோன்றுபவர்கள் எழுதுங்கள்.