பாம்பன் பாலத்தில் ஏறும்போது செயின் நழுவுகிறது: வைகை மலைப் பயணத்துக்கு முன் உதவி வேண்டும்

உச்சிப்புளிக்காரன்:
வணக்கம். தை பிறந்ததும் ஆற்றங்கரை என்ற ஊரிலிருந்து சைக்கிளில் புறப்படுகிறேன். வைகை கடலைத் தொடும் இடத்திலிருந்து அது பிறக்கும் வருசநாட்டு மலை வரை, 258 கிலோமீட்டர் ஆற்றை எதிர்த்தே போய்ப் பார்க்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. பரமக்குடி, மானாமதுரை, மதுரை, வைகை அணை, கடமலைக்குண்டு, வருசநாடு. திரும்பும்போது சின்னமனூரிலிருந்து மேகமலையும் ஏற எண்ணம்.

எங்கள் கரையில் மேடு என்றால் பாம்பன் சாலைப் பாலம் ஒன்றுதான். மலைக்குப் பழகுவதற்காகப் பின் பைகளில் பதினைந்து கிலோ அரிசியை வைத்துக்கொண்டு அதில் ஏறினேன். எழுந்து நின்று அழுத்தும்போதெல்லாம் ‘டக்’கென்று செயின் பல்லைத் தாண்டுகிறது. ஒரு முறை பெடல் வெறுமனே இறங்கி, மார்பு ஹேண்டில்பாரில் மோதியது. பின்னால் பஸ் வந்துகொண்டிருந்தது. வீட்டுக்கு வந்த பிறகும் கை நடுக்கம் நிற்கவில்லை.

பின்புறம் ஏழு பல்சக்கரங்கள். நடுவில் உள்ள இரண்டில் மட்டும் நழுவுகிறது. பெரிய இரண்டில் இல்லை. பழைய செயின் உப்புக்காற்றில் துருப்பிடித்ததால் மூன்று வாரத்துக்கு முன்புதான் புதியது மாட்டினேன். துருப்பிடித்த செயின் ஒழுங்காக ஓடியது, புதியது நழுவுகிறது. வாங்கிய கடையில் கேட்டால் செயினில் குறை இல்லை என்கிறார்கள். எதை நம்புவது?

மண்டபம் வாசகர்:
கியர் கேபிள் தளர்ந்திருக்கலாம். கைப்பிடி அருகே இருக்கும் திருகை அரைச் சுற்று இடப்பக்கம் திருப்பிப் பாருங்கள். சைக்கிள் எப்போதாவது வலப்பக்கம் விழுந்ததா? கியர் மாற்றியைத் தாங்கும் இரும்புக் காது வளைந்திருந்தாலும் இப்படித்தான் செய்யும்.

உச்சிப்புளிக்காரன்:
திருகிப் பார்த்துவிட்டேன், மாற்றமில்லை. விழவும் இல்லை, காதும் நேராகவே இருக்கிறது.

பரமக்குடி மெக்கானிக்:
தம்பி, கடைக்காரர் சொன்னது சரி. குறை பல்சக்கரத்தில் இருக்கிறது. செயினின் ஓர் ஆணிக்கும் அடுத்ததற்கும் இடையே அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீட்டர். ஓட ஓட ஆணிகள் தேய்ந்து அந்த இடைவெளி கூடும். நீண்ட செயின் பல்லையும் தன் அளவுக்கு அரைத்துக்கொள்ளும். இரண்டும் சேர்ந்து தேய்ந்ததால்தான் பழையது ஒழுங்காக ஓடியது. புதிய செயின் சரியான அளவில் இருக்கிறது, தேய்ந்த பல்லில் உட்காரவில்லை. சமதரையில் நீ எப்போதும் அந்த நடு இரண்டிலேயே மிதித்திருப்பாய், அதனால் அவை போயின. பெரியவற்றை நீ தொட்டதே இல்லை.

பழைய செயினை எறியவில்லையே? இழுத்துப் பிடித்து, ஓர் ஆணியின் நடுவில் ஸ்கேலின் பூஜ்யத்தை வை. 12 அங்குலத்தில் இன்னோர் ஆணியின் நடு வர வேண்டும். 1/16 அங்குலம் தள்ளியிருந்தால் செயினை மாற்றினால் போதும். 1/8 தள்ளியிருந்தால் பின் பல்சக்கரமும் போயிற்று என்று அர்த்தம்.

மலையில் பெரிய பல்லில்தானே ஏறுவோம் என்று விட்டுவிடாதே. வளைவில் நழுவினால் விழுவது பள்ளத்துப் பக்கம்.

உச்சிப்புளிக்காரன்:
அளந்தேன் அண்ணே. 1/8ஐயும் தாண்டிவிட்டது. பல்லை விரலால் தடவினால் ஒரு பக்கம் சுறா முதுகுத் துடுப்பு போலச் சாய்ந்திருக்கிறது. மாற்றப் பார்த்தால் ஃப்ரீவீல் (பின் பல்சக்கரங்கள் ஏழும் சேர்ந்த தொகுப்பு) அசைய மறுக்கிறது. துரு கவ்வியிருக்கிறது.

பரமக்குடி மெக்கானிக்:
கடலோரச் சைக்கிளில் அது வழக்கம். துரு இளக்கும் எண்ணெயைத் திருகுமரையில் விட்டு ஓர் இரவு வை. கழற்றும் கருவியை ஃப்ரீவீலில் பொருத்தி, அச்சு நட்டால் லேசாக இறுக்கிப் பிடி. கருவியைப் பட்டறை மேசையில் உள்ள வைஸில் (இறுக்கிப் பிடிக்கும் இடுக்கி) கடிக்கவிட்டு, சக்கரம் மேலே படுத்திருக்க, இரு கையாலும் பஸ் ஸ்டியரிங் போல இடப்பக்கம் சுற்று. இளகியதும் நட்டைத் தளர்த்திவிடு. புதியதை மாட்டும்போது மரையில் கிரீஸ் தடவ மறக்காதே. பெரிய பல்சக்கரத்தில் 28 பல்லுக்குப் பதிலாக 34 பல் உள்ளதை வாங்கினால் மலையில் முழங்கால் பிழைக்கும். உன் கியர் மாற்றி அதைத் தாங்குமா, செயின் நீளம் போதுமா என்று பார்த்து வாங்கு.

சின்னமனூர் ஆசிரியை:
தம்பி, ஏறுவதைப் பற்றியே பேசுகிறீர்கள், இறங்குவதையும் யோசியுங்கள். மேகமலைச் சாலையில் பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பூவின் பெயர். பிரேக்கை விடாமல் பிடித்தபடி இறங்கினால் ரிம் சூடேறி டியூப் வெடிக்கும். வளைவுக்கு முன்பே அழுத்தி வேகத்தைக் குறைத்து, பிறகு விட்டுவிடுங்கள். அது புலிகள் காப்பகக் காடு, யானை நடமாடும் இடம். வெளிச்சம் இருக்கும்போதே கீழே வந்துவிடுங்கள்.

உச்சிப்புளிக்காரன்:
அண்ணே, அக்கா, இருவருக்கும் நன்றி. இரண்டு இரவு எண்ணெயில் ஊறியபின், பக்கத்து வீட்டு மாமாவும் நானும் சேர்ந்து சுற்ற, ‘கிரீச்’ என்று இளகியது. மரைக்குள்ளிருந்து தேயிலைத்தூள் போலத் துரு கொட்டியது. 34 பல் மாட்டி, பிரேக் கட்டைகளையும் மாற்றிவிட்டேன். இன்று காலை அதே அரிசியுடன் பாலத்தில் நான்கு முறை ஏறினேன். எழுந்து நின்றும் அழுத்திப் பார்த்தேன். ஒரு முறைகூட நழுவவில்லை. பொங்கல் முடிந்த மறுநாள் புறப்படுகிறேன். அண்ணே, முதல் நாள் பரமக்குடி வந்ததும் சைக்கிளை உங்களிடம் ஒரு முறை காட்டிவிட்டுத்தான் மேலே போவேன்.