மறு: கிராஃப்ட் புரூவரி – கலைச்சொல் பரிந்துரை

அன்பு நண்பர்களுக்கு வணக்கம். பியர் ஆலைகளில் ஒரு வகையைக் குறிக்கும் 'கிராஃப்ட் புரூவரி' (craft brewery) என்ற சொல்லுக்கு, நம் கலைச்சொல் பட்டியலுக்காக வந்த பரிந்துரை இது:

> கிராஃப்ட் புரூவரி = கைவினை மதுவடிப்பாலை

முதலில் 'வடிப்பாலை'யை எடுத்துவிடலாம். வடிப்பது சாராயமும் விஸ்கியும். ஆவியாக்கி, குளிரவைத்துச் சேர்க்கும் வேலை அது. பியரில் அந்த வேலையே கிடையாது. முளைகட்டி உலர்த்திய பார்லியை உடைத்து, 65–67 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, இறுத்த சாற்றில் ஹாப்ஸ் என்ற கசப்புப் பூக்களைப் போட்டு இன்னொரு மணி நேரம் கொதிக்கவிட்டு, ஆறியதும் ஈஸ்ட் சேர்த்துப் புளிக்கவிடுகிறார்கள். 'நொதிப்பாலை' என்றால் வினிகர் ஆலையும் அதில் அடங்கிவிடும். 'பியர் ஆலை' போதும்.

'கைவினை'தான் பெரிய சிக்கல். 1980-இல் கலிபோர்னியாவின் சிக்கோவில் தொடங்கிய சியரா நெவாடா பியர் ஆலையை இந்த வகைக்கு முன்னோடி என்கிறோம். இன்று அங்கே இருப்பவை துருப்பிடிக்காத எஃகுக் கலன்களும் தானியங்கி வால்வுகளும்தான். கையால் செய்வது இந்தச் சொல்லுக்கு அளவுகோல் அல்ல.

> அப்படியானால் 'சிற்றாலை' எனலாமே?

மைக்ரோபுரூவரி எனப்படும் மிகச் சிறிய பியர் ஆலைக்கு அது பொருந்தும். அமெரிக்க பியர் தயாரிப்பாளர் சங்கமான புரூவர்ஸ் அசோசியேஷன் கணக்கில் அதன் வரம்பு ஆண்டுக்கு 15,000 பீப்பாய்; பீப்பாய்க்கு 117 லிட்டர் என்றால் சுமார் 17.6 லட்சம் லிட்டர். கிராஃப்டுக்கான வரம்போ 60 லட்சம் பீப்பாய், அதாவது 70 கோடி லிட்டர். அதைத் தமிழில் 'சிறு' என்று எழுத முடியாது. முன்பு 20 லட்சமாக இருந்த வரம்பு, பாஸ்டன் பியர் நிறுவனம் அதை நெருங்கியபோது உயர்த்தப்பட்டது.

உறுதியாக நிற்பது உடைமை பற்றிய விதிதான்: கிராஃப்ட் அல்லாத மது நிறுவனத்தின் பங்கு 25 விழுக்காட்டுக்குக் குறைவாக இருக்க வேண்டும். சிகாகோவின் கூஸ் ஐலண்ட் ஆலையை 2011-இல் பெருநிறுவனமான ஆன்ஹைசர்-புஷ் வாங்கியபின் அதற்குக் கிராஃப்ட் தகுதி இல்லை. பியரின் செய்முறை மாறியதால் அல்ல, உரிமையாளர் மாறியதால். 2017-இல் சங்கம் வெளியிட்ட தலைகீழ்ப் புட்டி முத்திரையும் 'சார்பற்றது' என்றே சொல்கிறது. ஆகவே என் பரிந்துரை: சார்பற்ற பியர் ஆலை.

> தரமானது என்ற தொனி சொல்லில் இருக்க வேண்டாமா?

கூடவே கூடாது. பெரிய ஆலையின் வெளிர் லாகரை (குளிரில் புளிக்கவிடும் வெளிர்நிற பியரை) 'தண்ணீர்' என்று ரசிகர்கள் ஒதுக்குவது அந்தத் தொனியால்தான். தயாரிப்பவர்களுக்கு அதுதான் கடினமான பியர். 10–12 டிகிரியில் புளித்து முடியும் தறுவாயில், கலனை 16–18 டிகிரிக்கு ஏற்றி இரண்டு மூன்று நாள் வைக்க வேண்டும். அப்போதுதான் வெண்ணெய் வாடை தரும் டைஅசெட்டைல் என்ற பொருளை ஈஸ்ட் திரும்ப உட்கொள்ளும். அடுத்த கொதிப்புக்குக் கலன் வேண்டும் என்று அவசரப்பட்டுக் குளிர்வித்தால் அந்த வாடை தங்கிவிடும். ஹாப்ஸ் தூக்கலான ஐபிஏ (இந்தியா பேல் ஏல்) வகை பியரில் அது ஓரளவு மறையும்; வெளிர் லாகரில் மறைய இடமே இல்லை.

சோதிப்பது எளிது. இரண்டு மாதிரி எடுத்து மூடி, ஒன்றை மட்டும் 60–70 டிகிரி நீரில் இருபது நிமிடம் வைத்து, ஆறியபின் இரண்டையும் முகர வேண்டும். சூடாக்கியதில் மட்டும் வெண்ணெய் மணம் வந்தால், டைஅசெட்டைலாக மாறும் முன்பொருள் இன்னும் மிச்சம் இருக்கிறது, குளிர்விக்கக் கூடாது. இந்தச் சோதனையில் ஆலையின் அளவுக்கோ உடைமைக்கோ இடமில்லை. சொல்லிலும் தரத்தை ஏற்ற வேண்டியதில்லை.

– – –

ஐயா, வணக்கம்.

'கைவினை'யை விட்டுவிட எனக்கும் சம்மதம். ஆனால் 'சார்பற்ற' என்றதும் 'நடுநிலையான' என்ற பொருளும் எட்டிப் பார்க்கிறது. 'சுயேச்சை' என்றால் எந்தக் கட்சியையும் சேராத வேட்பாளர் என்று எல்லோருக்கும் தெரியும். பெருநிறுவனத்தைச் சேராத ஆலைக்கும் அது அப்படியே பொருந்துகிறதே? வடசொல் என்பது ஒன்றே தடை.

– – –

பொருத்தம்தான், ஒப்புக்கொள்கிறேன். கூட்டுச்சொல்லாக்கும்போதுதான் இடிக்கிறது: 'சுயேச்சை பியர்' என்றால் பியரே தேர்தலில் நிற்பதுபோல ஆகிவிடும். 'தன்னுடைமை' எப்படி? தன்னுடைமை ஆலை, தன்னுடைமை பியர் இரண்டும் இடறாமல் வருகின்றன; 25 விழுக்காட்டு விதியும் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. மைக்ரோபுரூவரிக்குச் 'சிற்றாலை' தனிப் பதிவாக இருக்கட்டும். மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள். இல்லையேல் இரண்டையும் பட்டியலில் சேர்த்துவிடலாம்.