பொருள்: மறுபடி மறுபடி பூக்கும் பற்றரி முனை – ‘அரிமானம்’ போதுமா?

வணக்கம்.

> அரிமானம் என்ற சொல் அகராதியிலேயே இருக்கிறது. ‘முனைய அரிமானம்’ என்று வைத்துவிட்டு அடுத்த சொல்லுக்குப் போகலாமே?

போகலாம், ஐயா. ஆனால் கராஜில் வேலை பழகும் பிள்ளைகளுக்கான கைநூலில் அந்தப் பக்கம் என் தலையில் விழுந்திருக்கிறது. இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு இரண்டாவது பந்தியைத் தாண்ட முடியவில்லை. பற்றரி முனையில் நடப்பவை இரண்டு: வெளியே படிவது ஒன்று, உள்ளே தின்னப்படுவது மற்றது.

படிவது கண்ணுக்குத் தெரியும். ஈயத் தண்டில் சல்பூரிக் அமிலம் பட்டால் வெள்ளையாக ஈய சல்பேற்று. செப்புக் கம்பியிலோ பித்தளைக் கிளாம்பிலோ பட்டால் நீலப்பச்சையாகச் செப்பு சல்பேற்று. சுடுதண்ணீரில் அப்பச்சோடா கரைத்து ஊற்றினால் நுரைத்துக்கொண்டு போய்விடும். தின்னப்படுவது அப்படிப் போகாது. அண்மையில் ஓர் ஓட்டோ வந்தது. முனை பளபளவென்று இருந்தது, யாரோ நன்றாகச் சுரண்டியிருந்தார்கள். சாவியைத் திருப்பினால் ‘டிக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். கிளாம்பை ஒட்டி வயரின் உறையைக் கீறிப் பார்த்தால், செப்பு இழைகள் பச்சையும் கறுப்புமாகி, விரலுக்கிடையில் தூளாக உதிர்ந்தன. இரண்டுக்கும் அரிமானம் என்றே சொல்லிக்கொடுத்தால், பிள்ளை பளபளப்பைப் பார்த்துவிட்டு ‘அரிமானம் இல்லை’ என்று துண்டில் எழுதிவிடுவான்.

ஆகவே அரிமானமோ அரிப்போ, அதை உள்ளே தின்னப்படுவதற்கே விட்டுவிடுவோம். படிவதற்குத் தனிச்சொல் வேண்டும்.

‘களிம்பு’ என்று சிலர் எழுதியிருந்தீர்கள். செம்பில் களிம்பு என்று சைவ சமய பாடத்தில் படித்து வளர்ந்தவர்கள் நாங்கள்; வாயில் முதலில் வருவதும் அதுதான். சிக்கலும் அங்கேதான். அந்த உவமையில் களிம்பு செம்போடு கூடவே இருப்பது, உயிரோடு ஆணவம் இருப்பதுபோல. பற்றரியிலோ கசிந்த அமிலம்தான் அதைக் கொண்டுவருகிறது. எங்கிருந்து கசிந்தது என்று தேடுவதுதான் முழு வேலையும். கூடப்பிறந்தது என்று நினைப்பவன் ஏன் தேடப்போகிறான்? போதாததற்கு, ‘களிம்பை நன்றாகத் துடைத்தபின் களிம்பு பூசவும்’ என்று எழுத வேண்டியும் வரும்.

‘முனைப்பூப்பு’ என்று மட்டக்களப்புத் தங்கை எழுதியது நல்ல சொல். ஆனால் இங்கே பூப்பு என்றால் கார்ட் அடித்து மண்டபம் பிடிக்கிற விஷயம். வகுப்பு சிரித்து முடிய நேரமாகும்.

என் முன்மொழிவு: முனையுப்பு. வினையாகச் சொன்னால், முனை உப்புப் பூத்திருக்கிறது. சுவரில் உப்புப் பூப்பதை யாரும் காணாமல் இல்லை. அமிலமும் உலோகமும் தாக்கமுற்றால் உப்பு என்பது பள்ளிக்கூடத்துப் பாடம். ‘முனைச் சல்பேற்று’ என்றால் இன்னும் துல்லியம்தான், ஆனால் பற்றரிக்குள்ளே தகடுகளில் சல்பேற்று இறுகிப் படியும் சல்பேற்றேற்றத்தோடு போய்க் குழம்பிவிடும். புதிய சொல்லை வைத்து எழுதிப் பார்த்தது இது:

“முனையுப்பைக் கழுவுமுன் அது எங்கே பூத்திருக்கிறது என்று பார். தண்டின் அடியைச் சுற்றி மட்டும் என்றால், தண்டும் பெட்டியும் சேரும் இடத்து அடைப்பு விட்டிருக்கக்கூடும். கிளாம்பைச் சுத்தியலால் தட்டி இறக்கினால் இப்படி ஆகும். மூடிகளைச் சுற்றியும் ஈரம் என்றால், தண்ணீர் மேல்கோட்டைத் தாண்டியிருக்கும், அல்லது சார்ஜ் அளவுக்கு மீறி ஏறி அமிலம் நுண்துளியாக வெளியே வருகிறது. எஞ்சினை ஓடவிட்டு மீற்றரை வை. 12 வோல்ற் பற்றரியில் 13.8க்கும் 14.5க்கும் இடையில் நின்றால் நல்லது. 15ஐத் தாண்டினால் கழுவிப் பயனில்லை, ரெகுலேற்றரைப் பார். அரிப்பைக் கண்ணால் தேடாதே. ஸ்ரார்ட் அடிக்கும்போது தண்டுக்கும் வயரின் மறுநுனிக்கும் இடையில் மீற்றரை வை; அரை வோல்ற்றுக்கு மேல் காட்டினால் வயருக்குள் தின்றிருக்கிறது அல்லது இணைப்புத் தளர்ந்திருக்கிறது.”

கழற்றும்போது மறை (–) முனை முதலில், பூட்டும்போது அது கடைசியில் என்பது முந்திய பக்கத்திலேயே வந்துவிட்டது.

> அண்ணா, சொல் பிடித்திருக்கிறது. ஆனால் உப்பு என்றால் எங்கட பருத்தித்துறைப் பக்கத்தில் கடற்காற்றுத்தான் காரணம் என்று விட்டுவிடுவார்கள்.

நியாயமான பயம், தம்பி. கடற்காற்று தின்பது பற்றரியை இறுக்கிப் பிடிக்கும் இரும்புச் சட்டத்தை. அது செம்மண் நிறத் துரு. நீலமும் வெள்ளையும் அமிலத்தின் வேலை. இந்த இரண்டு வரியையும் விளக்கத்தில் சேர்த்துவிடுகிறேன். கிணற்றுத் தண்ணீர் விட்டதால்தான் பூத்தது என்பதும் அதே மாதிரியான பேச்சு. எங்கள் சுண்ணக்கல் கிணற்றுத் தண்ணீர் உள்ளே தகடுகளைக் கெடுக்கும், அதை விடவே கூடாது. ஆனால் மேல்கோட்டைத் தாண்டி ஊற்றினால் காய்ச்சி வடித்த தண்ணீரிலும் முனையுப்பு பூக்கும்.

வேறு மறுப்பு இல்லையென்றால் முனையுப்பை ஏற்றுவிடுவோம். அடுத்து, தண்டும் பெட்டியும் சேரும் இடத்து அந்த அடைப்புக்கு ஒரு பேர் வேண்டும். ‘கழுத்தடைப்பு’ என்று எழுதினேன், வாசித்துப் பார்த்தால் தொண்டை நோய் மாதிரி இருக்கிறது. யாராவது வேறு சொல்லுங்கள்.