'பிஞ்ச்' என்பதற்கு 'இடுக்கு': ஒரு முன்மொழிவு

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். வேதிப்பொறியியலில் ஓர் ஆலையின் வெப்பத்தை எவ்வளவு மிச்சப்படுத்தலாம் என்று கணக்கிட உதவும் 'பிஞ்ச் அனாலிசிஸ்' எனப்படும் முறைக்குச் சென்ற வாரம் 'கிள்ளல் பகுப்பாய்வு', 'நெருக்கப் பகுப்பாய்வு' என்னும் இரு சொற்கள் இங்கே முன்வைக்கப்பட்டன. இரண்டும் எனக்கு நிறைவு தரவில்லை. 'இடுக்கு' என்னும் பழகிய சொல்லே போதும் என்று கருதுகிறேன். அதற்கான காரணத்தைச் சொல்லுமுன், அச்சொல் சுட்டவேண்டிய பொருளைச் சற்று விரித்துப் பார்க்கலாம்.

ஒரு வேதி ஆலையில் சில பாய்மங்கள் (நீர்மங்களும் வாயுக்களும்) ஆறவேண்டும், வேறு சில சூடேறவேண்டும். ஆறுகிறவற்றின் வெப்பத்தைச் சூடேறுகிறவற்றுக்கு மாற்றிக் கொடுத்தால் கொதிகலனில் எரிபொருளும் குளிர்கோபுரத்தில் நீரும் மிச்சமாகும். இது எல்லாரும் அறிந்ததுதான். ஆனால் அதிகபட்சமாக எவ்வளவு மிச்சமாகும் என்பதை, ஒரு வெப்பமாற்றியைக்கூட வரைபடத்தில் வைப்பதற்கு முன்பே கணக்கிட்டுவிடலாம். 1973இன் எண்ணெய் நெருக்கடியை அடுத்த ஆண்டுகளில் இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் போடோ லின்ஹாஃப் செய்த ஆய்வுகள் இம்முறையை வளர்த்தன. 1982இல் அந்நாட்டு வேதிப்பொறியாளர் கழகம் வெளியிட்ட கையேடு இதை ஆலைகளுக்குக் கொண்டுசென்றது.

பாடங்களில் வழக்கமாக வரும் நான்கு பாய்மக் கணக்கையே எடுத்துக்கொள்கிறேன். ஒன்று 170 பாகை செல்சியசிலிருந்து 60 பாகைக்கு ஆறுகிறது. ஒவ்வொரு பாகைக்கும் 3 கிலோவாட் தருகிறது. இன்னொன்று 150இலிருந்து 30க்கு, பாகைக்கு 1.5 கிலோவாட். சூடேறவேண்டியவற்றுள் ஒன்று 20இலிருந்து 135க்கு, பாகைக்கு 2 கிலோவாட் கேட்கிறது. மற்றது 80இலிருந்து 140க்கு, பாகைக்கு 4 கிலோவாட். சூடேறுகிறவற்றுக்கு மொத்தம் 470 கிலோவாட் தேவை. வெப்பம் கடக்கக் குறைந்தது 10 பாகை வேறுபாடு வேண்டும் என்று வைத்துக் கணக்கிட்டால், அதில் 450ஐ ஆறுகிறவையே கொடுத்துவிடும். வெளியிலிருந்து ஊட்டவேண்டியது 20 கிலோவாட், வெளியே கழிக்கவேண்டியது 60 கிலோவாட்.

ஆறுகிறவற்றையெல்லாம் சேர்த்து ஒரு வளைகோடும், சூடேறுகிறவற்றையெல்லாம் சேர்த்து மற்றொரு வளைகோடும் வரைந்தால், இரண்டும் ஓரிடத்தில் மட்டும் அந்த 10 பாகை வரை நெருங்கி, பின் விலகுகின்றன. அங்கே ஆறுகிறவற்றின் கோடு 90 பாகையிலும் சூடேறுகிறவற்றின் கோடு 80 பாகையிலும் நிற்கின்றன. அந்தக் குறுகிய இடம்தான் 'பிஞ்ச்'. அதற்கு மேலே ஆலைக்கு வெப்பம் பற்றாக்குறை, கீழே உபரி. மேலேயுள்ள வெப்பத்தில் 10 கிலோவாட்டைக் கவனக்குறைவால் கீழே இறங்கவிட்டால், ஊட்டவேண்டியது 30 ஆகும், கழிக்கவேண்டியதும் 70 ஆகும். ஒரே பிழைக்கு இருமுறை தண்டம்!

இனிச் சொல்லுக்கு வருகிறேன். 'கிள்ளல்' நகத்தின் வேலை. இங்கே யாரும் எதையும் கிள்ளவில்லை. ஆங்கிலச் சொல்லின் ஒரு பொருளை மட்டும் பார்த்து ஆக்கியது அது. 'நெருக்கம்' அவ்வளவு பிழையில்லை. ஆனால் அண்மை, நட்பு, கூட்ட நெரிசல் என்று அதற்கு ஏற்கெனவே வேலை மிகுதி. வளைகோடுகள் பல இடங்களில் நெருங்கி வரலாம். அவற்றுள் இனி நெருங்கமுடியாத அளவுக்குக் குறுகிய ஓரிடத்தைத் தனித்துச் சுட்டும் கூர்மை அதற்கு இல்லை.

'இண்டு இடுக்கு' என்று பேச்சில் சொல்கிறோம். குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொள்கிறோம். அடுப்பிலிருந்து பாத்திரத்தை இறக்க இடுக்கியை எடுக்கிறோம். இரு பக்கமும் நெருங்கிவந்து நடுவே குறுகிய இடைவெளி மட்டும் எஞ்சும் நிலையே இவற்றுக்கெல்லாம் பொது. குறவன் மலைக்கும் குறத்தி மலைக்கும் நடுவே பெரியாற்றை மறித்து அணை கட்டிய இடத்துக்கு இடுக்கி என்று பெயர் வந்ததும் இப்படித்தான். அந்த இரு வளைகோடுகளைப் பார்க்கும் மாணவருக்கு அந்தப் பள்ளத்தாக்கு நினைவுக்கு வந்தாலே பாதிப் பாடம் புரிந்துவிடும்.

சொல் ஒட்டிப் பெருகவும் வேண்டும். இடுக்குப் பகுப்பாய்வு, இடுக்கு வெப்பநிலை, இடுக்குக்கு மேல், இடுக்குக்குக் கீழ் ஆகியவை தடையின்றி வருகின்றன. இதே கணக்குமுறை கழிவுநீர் மறுபயன்பாட்டுக்கும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளின் ஹைட்ரஜன் பகிர்வுக்கும் விரிந்திருப்பதால் நீர் இடுக்கு, ஹைட்ரஜன் இடுக்கு என்றும் சொல்லவேண்டியிருக்கும். அவையும் உறுத்தவில்லை. கொதிகலனுக்கு மாற்றாக மின்சார வெப்ப எக்கிகளை (குறைந்த வெப்பநிலையிலுள்ள வெப்பத்தை உயர்ந்த வெப்பநிலைக்கு ஏற்றும் கருவிகளை) வைக்க முயலும் இன்றைய ஆலைகளுக்கு இச்சொல் இன்னும் தேவை: கீழேயுள்ள உபரியை எடுத்து மேலேயுள்ள பற்றாக்குறைக்கு ஏற்றினால்தான் எக்கியால் பயன், ஆகவே அதை இடுக்கின் குறுக்கே வைக்கவேண்டும். இடுக்குக்குக் கீழேயே எடுத்துக் கீழேயே கொடுத்தால், செலவிட்ட மின்சாரமும் கழிவு வெப்பமாகவே போய்ச்சேரும்.

'இடுக்கண்' என்னும் துன்பச்சொல்லை இது நினைவூட்டுகிறதே என்று ஒருவர் தயங்கினார். வடிவமைப்பாளருக்குத் துன்பம் தரும் இடமும் அதுதான் என்பதால் எனக்கு அதில் தயக்கமில்லை.

ஓர் ஐயம் மட்டும் எஞ்சுகிறது. சில ஆலைகளில் ஊட்டுவதோ கழிப்பதோ ஏதேனும் ஒன்றுதான் தேவைப்படும். அங்கே பற்றாக்குறையையும் உபரியையும் பிரிக்கும் குறுகிய இடமே அமையாது. ஆங்கிலத்தில் இதற்கு வாயிற்படியின் பெயரை ('த்ரெஷோல்ட்') வைத்திருக்கிறார்கள். 'இடுக்கிலாக் கணக்கு' என்று நாம் சொல்லலாமா, அல்லது அதற்குத் தனிச்சொல் வேண்டுமா? கருத்துரைக்க வேண்டுகிறேன்.

அன்புடன்,
ஒரு வேதிப்பொறியாளர்